வேகன் ஆர் மிஸ் அடித்த கதை: மீட்டர் காட்டாததைப் பல்பு காட்டியது

ஏலகிரியின் கொண்டை ஊசி வளைவுகளை ஏசி போட்டபடியே வண்டி ஏறி முடித்துவிட்டது. குலுக்கல் இல்லை, செக் இன்ஜின் விளக்கும் எரியவில்லை. சரி, இனி தைரியமாக எழுதலாம்.

வண்டி 2014 மாடல் மாருதி வேகன் ஆர். டிஎன் 23 பதிவு, 998 சிசி, மூன்று சிலிண்டர் கே10பி பெட்ரோல் இன்ஜின். கேஸ் கிட் போடாதது. செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், இப்போது 92,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இதில் மூன்றாவது சிலிண்டர் மட்டும் மிஸ் அடித்துக்கொண்டிருந்தது, அதாவது அதில் மட்டும் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போய்க்கொண்டிருந்தது. அதைத் தேடும்போது இன்னொரு கோளாறு குறுக்கே வந்து கொஞ்ச நாள் என்னைத் திசைதிருப்பியது. இரண்டும் எப்படிப் பிடிபட்டன என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். அந்தக் காலத்து ஆல்டோ கே10, செலேரியோ வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும், அவற்றிலும் இதே இன்ஜின்தான்.

அறிகுறி

ஆரம்பத்தில் சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம் இருந்தது. மூன்று சிலிண்டர் வண்டி ஐடிலில் கொஞ்சம் ஆடத்தான் செய்யும் என்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏறும்போது, ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த வண்டி முன்னால் போகாமல் பின்னாலிருந்து யாரோ இழுப்பதுபோல் திணறியது. காலை எடுத்தால் சரியாகிவிடும். மறுபடி அழுத்தினால் டக், டக் என்று வெட்டும். பெங்களூரு சாலையில் பள்ளிகொண்டா பக்கம் ஐந்தாவது கியரில் 60-இல் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு லாரியை முந்தலாம் என்று அழுத்தினால் அதே வெட்டு. செக் இன்ஜின் விளக்கு அப்போது விட்டு விட்டு எரிந்தது, காலை எடுத்ததும் நிலையாக எரிந்தது.

விளக்கு விட்டு விட்டு எரிந்தால் வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் எரியும், அது சூடேறி உள்ளே உருகிப்போகும். கன்வர்ட்டர் விலையை ஒருமுறை விசாரித்துப் பார்த்தால் தானாகவே கால் ஆக்சிலரேட்டரை விட்டு வந்துவிடும்.

யாரிடம் சொன்னாலும் முதலில் வந்த பதில் பெட்ரோல்தான். “இப்போ எல்லா பங்க்லயும் ஈ20 பெட்ரோலு, பழைய வண்டிக்கு ஆவாது” என்றார்கள். 2014 வண்டி, இருபது சதவீதம் எத்தனால் கலந்த இந்த ஈ20-க்கென்று செய்யப்பட்டது இல்லை என்பது உண்மைதான். ஆனால் பெட்ரோல் கெட்டால் மூன்று சிலிண்டரும் சேர்ந்துதான் கஷ்டப்பட வேண்டும். கோளாறு ஒரு சிலிண்டரிலா, மூன்றிலுமா என்று தெரியாமல் டேங்கை இறக்கிச் சுத்தம் செய்வதில் அர்த்தமில்லை என்று ஒரு ஸ்கேனர் வாங்கினேன்.

ஸ்கேனர் சொன்னது

650 ரூபாய் கொடுத்து வாங்கிய ஈஎல்எம்327 புளூடூத் கருவிதான். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் சொருகி ஃபோன் ஆப்பில் இணைத்தால் போதும். வந்த கோளாறு எண், அதாவது கோட், பி0303. பி0300 என்றால் எந்த சிலிண்டர் என்று சொல்ல முடியாத பொதுவான மிஸ்ஃபயர். கடைசி எண் 1, 2, 3 என்று வந்தால் அந்தந்த சிலிண்டர். கே10பி இன்ஜினில் டைமிங் செயின் பக்கம் இருப்பது ஒன்று, கியர்பாக்ஸ் பக்கம் இருப்பது மூன்று.

கோட் எண்ணை அழிப்பதற்கு முன்னால் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பக்கம் இருக்கும், அதைக் கட்டாயம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கோளாறு பதிவான நொடியில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்பது அதில் இருக்கும். என்னுடையதில் ஆர்பிஎம் 2,740, லோடு 83 சதவீதம், கூலன்ட் சூடு 92 டிகிரி. அதாவது இன்ஜின் நன்றாகச் சூடாகி, பாரம் இழுக்கும்போது. இந்த மூன்று எண்களையும் நான் அப்போது சும்மா பார்த்துவிட்டு நகர்ந்தேன். கடைசியில் எல்லாம் இவற்றுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

லைவ் டேட்டாவில் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் பிளஸ் 12 காட்டியது. இன்ஜின் கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட 12 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் விடுகிறது என்று பொருள். இதைப் பார்த்ததும் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டரில் அடைப்பு, பம்ப் பிரஷர் குறைவு என்று முடிவுகட்டத் தோன்றும். மிஸ்ஃபயர் இருக்கும்போது இந்த எண்ணை நம்ப முடியாது. எரியாத சிலிண்டரிலிருந்து பெட்ரோலோடு ஆக்சிஜனும் எரியாமல் வெளியே வருகிறது. ஆக்சிஜன் சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது, ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும். கலவையில் காற்று அதிகம் என்று அது கம்ப்யூட்டருக்குச் சொல்ல, கம்ப்யூட்டர் இன்னும் பெட்ரோலை ஊற்றுகிறது.

இடையில் ஒரு வொர்க்‌ஷாப்பில் காட்டினேன். பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் காயில் மூன்று, மூன்று பிளக், இன்ஜெக்டர் கிளீனிங் என்று ஒன்பதாயிரத்துச் சொச்சத்துக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு சிலிண்டருக்கு எதற்கு மூன்று காயில் என்று கேட்டதற்கு, “செட்டா மாத்திட்டா டென்ஷன் இல்ல சார்” என்றார்கள். பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிளக் குழியில் ஆயில்

வேலையை விடியற்காலையில் வைத்துக்கொண்டேன். சித்திரை வெயிலில் வேலூரில் பத்து மணிக்கு மேல் பானெட்டைத் தொட முடியாது, அதோடு அலுமினியம் ஹெட் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றினால் மரை பிய்ந்துகொண்டு வரும். ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜின்தான் பாதுகாப்பு.

இந்த இன்ஜினில் பிளக் ஒயர் கிடையாது. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் நேராக உட்கார்ந்திருக்கும், 10 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று அதைப் பிடித்திருக்கும். கனெக்டரைக் கழற்றி, போல்ட்டை எடுத்து, லேசாகத் திருகித் திருகி மேலே இழுக்க வேண்டும். ஒன்றும் இரண்டும் காய்ந்த நிலையில் வந்தன. மூன்றாவது காயிலின் ரப்பர் பூட் முழுக்க ஆயில். டார்ச் அடித்துப் பார்த்தால் குழிக்குள் பிளக்கின் நட்டு மூழ்கும் அளவுக்கு இன்ஜின் ஆயில் தேங்கி நின்றது.

பிடிபட்டுவிட்டது என்று நினைக்காமல் யார்தான் இருக்க முடியும்!

ஆயில் இருக்கும் குழியில் பிளக்கை அப்படியே கழற்றக் கூடாது, அவ்வளவும் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். நீளமான ஸ்க்ரூடிரைவரில் பனியன் துணியைச் சுற்றி விட்டு விட்டு எடுத்தேன். கடைசிச் சொட்டு வரை வந்ததும் பிரேக் கிளீனர் ஒரு பீச்சு, மறுபடி துணி, அப்புறம் காற்று. அதற்கப்புறம்தான் பிளக் சாக்கெட்டை இறக்கினேன்.

வெளியே வந்த பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழே பென்சிலால் கோடு போட்ட மாதிரி மெல்லிசாக ஒரு கருப்புத் தடம். கரண்ட் நுனிக்குப் போகாமல் பீங்கானின் வெளிப்பக்கமாக ஓடி பாடிக்கு இறங்கிய வழி அது. ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி பார்த்தால் 1.3 மில்லிமீட்டர். இருக்க வேண்டியது 1.0 முதல் 1.1 வரை. மற்ற இரண்டும் 1.25 அருகில். மூன்றுமே வயதானவைதான்.

மூன்று புது என்ஜிகே பிளக், ஒன்று 140 என்று 420 ரூபாய். ஆயில் எங்கிருந்து வருகிறது என்றால், இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரின் பேக்கிங். கவரைச் சுற்றி வரும் ரப்பரோடு, பிளக் குழிகளைச் சுற்றியும் மூன்று ரப்பர் வளையம் உண்டு. சூட்டில் வெந்து பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகிவிட்டிருந்தன, மூன்றாவது வளையம் கையில் எடுத்ததும் இரண்டாக ஒடிந்தது. செட் 480 ரூபாய்.

கவர் வேலையில் நேரம் பிடிப்பது சுத்தம் செய்வதுதான். பழைய ரப்பர் துணுக்கு ஒன்றுகூட ஹெட்டின் மேல் விழாமல் எடுக்க வேண்டும். டைமிங் செயின் கவரும் ஹெட்டும் சேரும் இரண்டு மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு சிலிக்கான் சீலன்ட் வைத்தேன், மற்ற இடத்தில் தேவையில்லை. போல்ட்டுகள் சின்னவை, அலுமினியத்தில் இறங்குபவை. நடுவிலிருந்து ஆரம்பித்துக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும், கைப்பிடி பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். புது பிளக்கைக் கையாலேயே கடைசி வரை ஏற்றிவிட்டு, வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

ஸ்டார்ட் செய்தேன். ஐடில் நடுக்கம் அடியோடு போய்விட்டது. காட்பாடி மேம்பாலம், சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு, எங்கும் வெட்டு இல்லை. கோட் எண்ணை அழித்துவிட்டு வேலை முடிந்தது என்று ஸ்பேனரைத் துடைத்து வைத்தேன்.

ஏலகிரியில் மறுபடியும்

குடும்பத்தோடு ஏலகிரி போனோம். ஆம்பூர், வாணியம்பாடி வரை எந்தக் குறையும் இல்லை. பொன்னேரியில் மலைச் சாலை ஆரம்பிக்கிறது, புலவர்கள் பேரும் வள்ளல்கள் பேரும் வைத்த 14 வளைவுகள். ஐந்து பேர், ஏசி, இரண்டாவது கியர். பாதி மலை ஏறுவதற்குள் பழைய வெட்டு திரும்பி வந்துவிட்டது. ஏசியை நிறுத்தினால் குறைந்தது, போட்டால் கூடியது. ஓரமாக நிறுத்தி ஸ்கேனரைச் சொருகினால் பி0303.

சமதளத்தில் ஒன்றும் இல்லாமல் மலையில் மட்டும் வருவதற்குக் காரணம் எளிது. ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தும்போது சிலிண்டருக்குள் காற்று நிறையப் போகிறது, பிளக் நுனியில் அழுத்தம் கூடுகிறது, அந்த இடைவெளியைத் தாண்ட பொறிக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். ஐடிலில் ஒப்பேற்றிவிடும் காயில் மலையில் தோற்றுவிடும். 1.3 இருந்த இடைவெளியை நான் 1.05 ஆக்கிவிட்டேன் அல்லவா, அதனால் தேவை கொஞ்சம் இறங்கி ஊருக்குள் தப்பித்துக்கொண்டிருந்தது. ஆயிலும் தேய்ந்த பிளக்கும் உண்மையான கோளாறுகள்தான், ஆனால் அவற்றுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருந்தது.

இப்போது மாற்றிப் போட்டுப் பார்க்கும் வேலை. இதற்குப் பணமே செலவில்லை. மூன்றாவது காயிலை ஒன்றில் போட்டு, ஒன்றாவதை மூன்றில் போட்டேன். காயில் கெட்டிருந்தால் கோட் அதன் கூடவே போய் பி0301 என்று வர வேண்டும். கோட் எண்ணை அழித்து, வண்டியைச் சூடாக்கி, ஏற்றத்தில் அழுத்தினேன். பி0303. பிளக்கை இரண்டோடு மாற்றினேன். மறுபடி பி0303. கோளாறு பொருளோடு நகரவில்லை, இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்பதாயிரம் கொடுத்து மூன்று காயிலும் போட்டிருந்தால் இதே நிலையில்தான் நின்றிருப்பேன்.

இடத்தில் என்னென்ன இருக்கிறது? கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்), இன்ஜெக்டர், ஒயர்.

கம்ப்ரெஷன் கேஜை ஒரு நண்பரிடம் வாங்கினேன். மூன்று பிளக்கையும் கழற்றி, ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை உருவி, காயில் கனெக்டர்களை விலக்கி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தேன். 180, 175, 180 பிஎஸ்ஐ. ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை, வால்வும் ரிங்கும் நலம். இன்ஜெக்டர்களின் ரெசிஸ்டன்ஸ் மூன்றிலும் 12 ஓமுக்குப் பக்கத்தில். இன்ஜின் ஓடும்போது நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜெக்டர் மேல் வைத்துப் பிடியைக் காதில் வைத்தால் டிக் டிக் சத்தம் கேட்கும், மூன்றிலும் ஒரே மாதிரி கேட்டது. ஐடிலில் இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றினாலும் மூன்றுக்கும் ஆர்பிஎம் ஒரே அளவுதான் இறங்கியது. காயில் கனெக்டரைக் கழற்றியும் இதைப் பார்ப்பார்கள், அப்படிச் செய்தால் எரியாத பெட்ரோல் நேராகக் கன்வர்ட்டருக்குப் போகும். இன்ஜெக்டரைக் கழற்றுவதே நல்லது.

மிச்சம் ஒயர். காயில் கனெக்டரில் மூன்று பின். சாவியை ஆனில் வைத்து, வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரால் பார்த்தேன். மூன்றாவது காயிலின் சப்ளை பின்னில் 12.4 வோல்ட், மற்ற இரண்டு காயிலிலும் அதே 12.4. எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே இணைப்பு இருக்கிறது என்று மீட்டரில் பீப் சத்தம் வந்தது. எல்லாம் சரியாக இருந்தது, வண்டி மட்டும் சரியாக இல்லை.

பல்பு

கொணவட்டத்தில் ஒரு பழைய ஆட்டோ எலெக்ட்ரீஷியன் இருக்கிறார். லாரி ஒயரிங்தான் அவருக்கு முக்கிய வேலை, கார் என்றால் நேரம் இருந்தால் பார்ப்பார். நான் செய்ததையெல்லாம் சொல்லி முடிக்கும் வரை பீடியைப் பற்றவைக்காமல் விரலில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“காயிலு மாத்திப் போட்டியா?”

“போட்டேன் பாய்.”

“பிளக்கு?”

“அதுவும் பார்த்துட்டேன். அங்கியேதான் அடிக்குது.”

“அப்போ சாமான்ல இல்ல தம்பி, ஒயர்ல கீது.”

“ஒயர் பார்த்தேன் பாய். 12.4 வருது.”

அவர் சிரித்துவிட்டார். “மீட்டர வெச்சி பாத்தா பாதி அறுந்த ஒயருகூட நல்ல ஒயருதான். அதுக்கு இன்னா வேல கொடுத்த நீ? பல்ப மாட்டிப் பாரு.”

அவர் எடுத்தது இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு. ஹோல்டரில் இரண்டு ஒயர், ஒரு முனையில் முதலைக் கிளிப், இன்னொரு முனையில் தையல் ஊசி. மீட்டர் ஒயரிலிருந்து கரண்டே எடுப்பதில்லை என்று சொல்லலாம், அவ்வளவு கொஞ்சம். ஒயருக்குள் ஒரே ஒரு நரம்பு மிச்சம் இருந்தாலும் அதற்கு முழு வோல்டேஜ் தெரியும். 21 வாட் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். காயில் அடிக்கும் நொடியில் இழுப்பது அதைவிடச் சில மடங்கு. பல்புக்கே கொடுக்க முடியாத ஒயர் காயிலுக்கு எப்படிக் கொடுக்கும்?

ஊசியைக் கனெக்டரின் பின்பக்கமாக சப்ளை ஒயரோடு உரசுகிற மாதிரி இறக்கி, கிளிப்பை பேட்டரி நெகட்டிவில் பிடித்தார். பல்பு எரியும்போது அதே இடத்தில் மீட்டரை வைத்தோம். ஒன்றாவது காயில் 12.0. இரண்டாவது 12.0. மூன்றாவது 9.6. கண்ணுக்கே பல்பு கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது. அப்படியே வைத்துக்கொண்டு ஒயர் கட்டைக் கையால் லேசாக அசைத்தார். பல்பு மங்கி, சிவந்து, மறுபடி எரிந்தது. மீட்டரில் எண் 6-க்கும் 10-க்கும் நடுவே ஆடியது.

இதைச் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மூன்று பின்னில் ஒன்று சப்ளை, ஒன்று எர்த், மூன்றாவது கம்ப்யூட்டரிலிருந்து வரும் சிக்னல். சிக்னல் பின்னில் பல்பைத் தொட்டால் கம்ப்யூட்டர் போய்விடக்கூடும், அதன் விலைக்கு முன்னால் மூன்று காயில் ஒன்றுமே இல்லை. மீட்டரால் எது எது என்று தெளிவாகப் பார்த்துக் குறித்துவிட்டுத்தான் பல்பை எடுக்க வேண்டும். எர்த் ஒயரைச் சோதிக்கும்போது கிளிப் பேட்டரி பாசிட்டிவில் இருக்க வேண்டும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, நெளி நெளியாக இருக்கும் கருப்பு ஸ்லீவைப் பிரித்தோம். மூன்றாவது கனெக்டரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஒயர் தடித்திருந்தது. மேலே கருப்பு இன்சுலேஷன் டேப், சூட்டில் பசை இளகி ஒயரெல்லாம் பிசுபிசுவென்று. டேப்பை உரித்ததும் உள்ளே மூன்று ஒயரும் ஒரே இடத்தில் வெறும் கையால் முறுக்கி ஒட்டப்பட்டிருந்தன. சப்ளை ஒயரின் முறுக்கில் செம்பு பச்சையும் கருப்புமாகப் பூத்து, தொட்டதும் இழை இழையாக உதிர்ந்தது. உதிராமல் நின்றவை நாலைந்து இழைகள், ஏலகிரிக்கு ஏற வேண்டிய கரண்ட் அவற்றின் வழியாகத்தான் போயிருக்கிறது. பக்கத்தில் இன்ஜெக்டருக்குப் போகும் ஒயரின் மேல்தோலில் சின்னச் சின்னப் பல் பதிவுகள். “எலி” என்றார் பாய். நான் வாங்குவதற்கு முன்பே எலி கடித்து, யாரோ அவசரத்துக்கு முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வண்டி ஸ்டார்ட் ஆனதும் அதை மறந்தும்விட்டார்கள்.

சூட்டில் மட்டும் ஏன் கூடியது என்பதும் இப்போது புரிந்தது. இன்ஜின் சூடானால் அந்த முறுக்கு விரிந்து தளர்கிறது, ஏற்றத்தில் இன்ஜின் பின்னால் சாயும்போது ஒயர் இழுபடுகிறது. ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருந்த 92 டிகிரியும் 83 சதவீதமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

ஒட்டு வேலை

கெட்ட பகுதியை இரண்டு பக்கமும் செம்பு பளபளப்பாகத் தெரியும் வரை வெட்டி எடுத்தோம். பூத்த செம்பு தோலுக்குள்ளும் கொஞ்ச தூரம் ஏறியிருக்கும், அதை விட்டுவைத்தால் ஒட்டு நிற்காது. நடுவில் 1 சதுர மில்லிமீட்டர் ஆட்டோ ஒயர் சுமார் 12 சென்டிமீட்டர். வீட்டு ஒயரிங்கில் போடும் ஒயரைப் போடாதீர்கள், இன்ஜின் சூட்டுக்கும் ஆயிலுக்கும் அதன் தோல் தாங்காது.

உலோகக் குழாயில் நுழைத்து அழுத்திப் பிடிக்கவைக்கும் கிரிம்ப் செய்வதா, ஈயம் வைப்பதா என்று எங்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம். அதிரும் இடத்தில் ஈயம் ஏறி விறைத்த ஒயர் அந்த விளிம்பில் ஒடியும், அதனால் நல்ல கிரிம்ப்தான் சரி என்பது என் கட்சி. “உன் கையில கீற பிளையர்ல அடிச்சா அது கிரிம்ப்பா, நசுக்கினதா?” என்று கேட்டார். நியாயம்தான், கிரிம்ப்புக்கென்று தனி டூல் என்னிடம் இல்லை. அவர் ஈயமே வைத்தார். ஆனால் ஒட்டின் இரு பக்கமும் ஒயர் அசையாதபடி ஸ்லீவோடு சேர்த்து டை போட்டு இறுக்கினார். மூன்று ஒட்டும் ஒரே இடத்தில் வராமல் இரண்டு விரல் தள்ளித் தள்ளி வைத்தார். ஒவ்வொன்றிலும் உள்ளே பசை இருக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், சூடு காட்டியதும் விளிம்பில் பசை பிதுங்கி வந்தது, இனி ஈரம் ஏறாது. பல் பட்ட இன்ஜெக்டர் ஒயரில் செம்பு தெரியவில்லை, அதற்கும் மேலே ஒரு ஸ்லீவ். பேட்டரியை மாட்டி மறுபடி பல்பு வைத்தோம். மூன்று காயிலிலும் 12.0, அசைத்தாலும் ஆடவில்லை.

ஒயர், ஸ்லீவ், டை எல்லாம் 90 ரூபாய். பாய் 400 வாங்கிக்கொண்டார். இதோடு ஸ்கேனர் 650, பிளக் 420, பேக்கிங் 480, பிரேக் கிளீனர் 280, சீலன்ட் 120 சேர்த்து மொத்தம் 2,440. மீட்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. இதில் மலையில் வந்த மிஸ்ஸைத் தீர்த்தது கடைசி 490 ரூபாய்தான். பிளக்கும் பேக்கிங்கும் எப்படியும் செய்ய வேண்டிய வேலை என்பதால் வருத்தமில்லை.

இப்போது லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் பிளஸ் 2-க்கு இறங்கிவிட்டது. இன்ஜெக்டர் கிளீனிங் செய்யாமலேயே!

அடுத்த தடவை

அடுத்த முறை எந்த வண்டியில் மிஸ் வந்தாலும் வரிசையை மாற்றுவேன். முதலில் ஃப்ரீஸ் ஃப்ரேமை எழுதிவைப்பது. அப்புறம் பழைய பிளக், பழைய காயில் இவற்றையே இடம் மாற்றிப் பார்ப்பது, புதுசு எதையும் வாங்காமல். குழியில் ஆயில் இருந்தால் துடைத்துவிட்டு அதே பிளக்கோடு ஓட்டிப் பார்ப்பேன், ஏனென்றால் புது பிளக்கின் குறைந்த இடைவெளி இன்னொரு கோளாறை மூடிவிடுகிறது. இடம் மாற்றியும் கோட் நகரவில்லை என்றால் கம்ப்ரெஷன் கேஜைத் தேடி அலைவதற்கு முன்னால் பல்பு. கேஜுக்கு மூன்று பிளக்கையும் கழற்ற வேண்டும், பல்புக்கு ஒரு கனெக்டர் போதும்.

எனக்கென்று ஒரு பல்பு லீட் செய்து டூல் பெட்டியில் போட்டுவிட்டேன். 21 வாட் பல்பு, ஹோல்டர், இரண்டு மீட்டர் ஒயர், ஒரு முதலைக் கிளிப், ஒரு ஊசி. அறுபது ரூபாய்கூட ஆகவில்லை. ஹெட்லைட் மங்கல், ஹாரன் கம்மல், ஃபேன் மெதுவாகச் சுற்றுவது என்று எதற்கும் இது உதவும். ஏர்பேக் ஒயர் பக்கம் மட்டும் இதைக் கொண்டுபோகாதீர்கள்.

எலிக்கு இன்னும் முழுத் தீர்வு கிடைக்கவில்லை. புகையிலை கட்டித் தொங்கவிடச் சொல்கிறார்கள், நாப்தலின் உருண்டை போடச் சொல்கிறார்கள். வாடை போனதும் எலி திரும்பி வந்துவிடும் என்பதுதான் நான் பக்கத்து வீட்டு வண்டியில் பார்த்தது. இப்போதைக்கு வண்டி நிற்கும் இடத்தில் இருந்த பழைய சாக்குகளையும் அரிசி மூட்டையையும் அப்புறப்படுத்திவிட்டு, வாரத்தில் ஒரு காலை பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

இன்னொரு வேலை பாக்கி. இத்தனை நாள் எரியாத பெட்ரோலைக் குடித்த கன்வர்ட்டர் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்கேனரில் அதற்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் வரைகோட்டைப் பார்க்கலாம். கன்வர்ட்டர் நல்ல நிலையில் இருந்தால் முன் சென்சார் மாதிரி மேலும் கீழும் குதிக்காமல் அது ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். என்னுடையது 0.6, 0.7 வோல்ட்டில் பெரிய ஆட்டமில்லாமல் நிற்கிறது. அடுத்த ஆயில் மாற்றும்போது இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.